மரத்துப்போன நாக்கும் மாமனாரும்

சாப்பாட்டைக் கண்டு பயப்படுகிற மனிதர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். வெளியே சொல்ல மாட்டார்கள். ‘வயிறு சரியில்ல’ என்பார்கள், ‘இப்பதான் சாப்ட்டு வந்தேன்’ என்பார்கள், ‘இன்னிக்கு விரதம்’ என்பார்கள். இந்த மூன்றையும் ஒரே விருந்தில் சொல்லி மாட்டிக்கொண்டவன் நான்.

இட்லி, தோசை, ரசம், மோர், அம்மா வதக்கும் உருளைக்கிழங்கு. என் நாக்குக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான். முட்டை சாப்பிடுவேன், ஆனால் அது அம்மா கையால் உரித்ததாக இருக்க வேண்டும். வேறு எதைப் பார்த்தாலும், உள்ளே போய் இது என்ன செய்யுமோ என்று தட்டைத் தள்ளிவிடுவேன். செஞ்சி பஜாரில் ஒரு விதைக்கடையில் எனக்கு வேலை. எதிரே பரோட்டா கல் தடதடக்கும், பக்கத்தில் பிரியாணி அண்டாவைத் திறப்பார்கள், தெருவே மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். நான் மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து தயிர் சாதம் தின்றுகொண்டிருப்பேன்.

இந்த லட்சணத்தில் எனக்குத் தமிழரசியோடு நிச்சயமானது. திண்டிவனத்துப் பெண். முதன்முதலாகப் போனில் பேசியபோது, “உங்களுக்கு இன்னா ரொம்பப் புடிக்கும்?” என்று கேட்டாள். எனக்கு என்ன பிடிக்கும் என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. பதற்றத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

“ஓட்டல் ஓட்டலா போயி புதுசு புதுசா சாப்பிடறது.”

“அய்யோ, எனக்கும் அதான் உசுரு!” என்றாள்.

முடிந்தது கதை. அதன்பிறகு தினமும் அவளுக்கு ஒரு கடை சொல்ல வேண்டியிருந்தது. கோட்டை பார்க்க வெளியூர் ஆட்கள் வந்துபோகிற ஊர் என்பதால் செஞ்சியில் சின்னக் கடைகளுக்குக் குறைவில்லை. விதை வாங்க வரும் விவசாயிகளிடம், “நேத்து எங்க சாப்ட்டீங்க? எப்படி இருந்துச்சு?” என்று துருவித் துருவிக் கேட்பேன். அதையே அவளிடம் என் அனுபவமாக ஒப்பிப்பேன். போட்டி கறியின் பதம், காடை வறுவலின் மொறுமொறுப்பு, ஆந்திராக்காரர் மெஸ்ஸின் கோங்குரா துவையல் என்று நான் சப்புக்கொட்டிப் பேசுவதைக் கேட்டு, பக்கத்து அறையில் அம்மா, “யார்டா போன்ல?” என்று கேட்டிருக்கிறார். (குரல் என்னுடையதுதான். ஆனால் பேச்சு வேறு யாருடையதோ போலிருந்ததாம்.)

கல்யாண மண்டபம் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை தமிழரசியும் அவள் அப்பாவும் செஞ்சிக்கு வந்தார்கள். மாமா ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். அவர் விசில் ஊதாத ஊரில்லை, ஊதிய ஊரிலெல்லாம் சாப்பிடாத கடையில்லை. சிரிக்கவே மாட்டார். டிக்கெட் எடுக்காதவனைப் பார்ப்பது போலத்தான் எல்லாரையும் பார்ப்பார். மண்டபம் பார்த்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தபோது, அம்மா தோசைக்கல்லை அடுப்பில் வைத்தார்.

“அதெல்லாம் வேணாம் சம்பந்தி. மாப்ளைக்கு இந்த ஊர்ல தெரியாத கடையே இல்லியாமே? பாப்பா சொல்லிச்சு. அவரு கூட்டினு போவட்டும், நாங்க சாப்பிடறோம்” என்றார் மாமா.

“யாரு, இவனா?” என்றார் அம்மா.

அம்மா அடுத்த வார்த்தையைச் சொல்வதற்குள் நான் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் நின்றேன்.

முதல் கடை, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கையேந்தி பவன். தள்ளுவண்டி, முன்னால் ஒரு பெஞ்சு. தமிழரசிதான் அடையாளம் கண்டுபிடித்தாள். “நீங்க சொன்ன போட்டி கறி கடை இதானே? வாரம் தவறாம வருவேன்னீங்களே!”

கடைக்கார அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “தம்பி ஊருக்குப் புதுசா?”

“அக்கா எப்பவும் இப்படித்தான் கிண்டல் பண்ணும்” என்று சிரித்தேன். முதுகில் வியர்வை கோடு போட்டு இறங்கியது. தட்டு வந்தது. ஆட்டுக்குடல் சுருள் சுருளாக என்னைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. மாமா ஒரு வாய் வைத்துக் கண்ணை மூடினார். தமிழரசி பாதித் தட்டைக் காலி செய்துவிட்டாள். நான் ஒவ்வொரு துண்டாக எடுத்து, வாய் வரை கொண்டுபோய், இருமி, பெஞ்சுக்குக் கீழே விட்டேன். கீழே ஒரு நாய் வாயைத் திறந்து தயாராக இருந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு கடமை தவறாத ஒரு ஜீவனை நான் பார்த்ததில்லை. சிக்கல் என்னவென்றால், சாப்பிட்டு முடித்து நாங்கள் கிளம்பியதும் அதுவும் கிளம்பியது.

“இன்னா மாப்ள, நாய் உங்களையே பாத்துனு வருது?” என்றார் மாமா.

“அடிக்கடி வர்றேன் இல்ல மாமா, பழக்கம்.”

அடுத்த கடையை நானே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். திருவண்ணாமலை ரோட்டில் புதிதாக ஒரு மோமோ கடை வந்திருந்தது. நடத்துபவர் திலீப் என்று ஒரு நேபாளத்துக்காரர். மோமோவை நான் தள்ளி நின்று பார்த்திருக்கிறேன். வெள்ளையாக, ஆவியில் வெந்து, அச்சு அசல் கொழுக்கட்டை. உள்ளே முட்டைக்கோஸ்தான். பிள்ளையாருக்கே படைக்கலாம். எனக்கு என்ன வந்துவிடப் போகிறது?

திலீப் அண்ணன் தட்டோடு ஒரு கிண்ணத்தில் சிவப்புச் சட்னி கொண்டுவந்து வைத்தார். “சார், இந்தச் சட்னி கொஞ்சம்...” என்று ஆரம்பித்தார்.

“தெரியும் தெரியும், நம்ம கடைதானே” என்று கையைக் காட்டி அவரை அனுப்பிவிட்டேன்.

“காரமா இருக்குமா மாப்ள?” என்றார் மாமா.

“சப்புனு இருக்கும் மாமா” என்று சொல்லி, மோமோவை அந்தச் சட்னியில் முழுக்காட்டி வாயில் போட்டேன். அன்றைக்கு நான் விழுங்கிய முதல் உணவு.

நன்றாகத்தான் இருந்தது. எலுமிச்சை வாசனை, தக்காளி, கொஞ்சம் காரம். இன்னும் இரண்டு உள்ளே போனது. ‘அட, இதற்கா பயந்தோம்’ என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே கீழ் உதட்டில் எறும்பு ஊர்வது போலிருந்தது. தட்டிவிட்டேன். எறும்பு இல்லை. உதடும் இல்லை. தொட்டால் வேறு யாருடைய உதட்டையோ தொடுவது போலிருக்கிறது. குறுகுறுப்பு நாக்குக்குப் போனது, அங்கிருந்து அண்ணத்துக்கு. தண்ணீர் குடித்தேன், உப்புக் கரித்தது. தண்ணீர் எப்படி உப்புக் கரிக்கும்?

என் பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது ஒரு சாயங்காலம். ‘வாய் மரத்த மாதிரி இருக்குது’ என்றுதான் முதலில் சொன்னார். அதற்குப் பிறகு அவர் நடக்கவே இல்லை. அது ஞாபகம் வந்ததும் உடம்பு முழுக்கச் சில்லிட்டுப்போனது. போனை எடுத்து முகத்தைப் பார்த்தேன். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. (கோணியிருக்கிறதா என்று பார்ப்பதற்காக நான்தான் கோணிக்கொண்டிருந்தேன். அது அப்போது தோன்றவில்லை.) எழுந்து நின்றேன். காது அடைத்தது. எதிரே கோட்டை நிற்கிற ராஜகிரி மலை லேசாகச் சாய்வது போலிருந்தது. அவ்வளவுதான், என் ஆயுள் செஞ்சியில் தொடங்கிச் செஞ்சியிலேயே முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

“தமியயசி” என்றேன். நாக்கு புரளவில்லை.

“இன்னாங்க ஆச்சு?”

“வாய் கோணிக்கிச்சு. நான் போயிடுவேன். உங்கிட்ட சொன்னதெல்லாம் பொய். நான் எந்தக் கடையிலயும் சாப்ட்டதே இல்ல. போட்டியக் கூட நாய்க்குத்தான் போட்டேன்.” கண்ணீர் கொட்டியது. சாகப்போகிறவன் பெரிய மனதோடு பேச வேண்டும் என்று நினைத்தேன் போலிருக்கிறது. கடை முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்: “எனக்காகக் காத்திருக்காத! நீ வேற கல்யாணம் பண்ணிக்கோ!”

ஒரே நேரத்தில் எல்லாரும் பேசினார்கள். “சட்னில எதுவோ கலந்துட்டான்பா” என்றது ஒரு குரல். “பாய்சனா?” என்றது இன்னொன்று. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டை வைத்துவிட்டு எழுந்தார்கள். ஒருவர் வெளியே ஓடிப்போய்த் துப்பினார். திலீப் அண்ணன் கரண்டியோடு நின்றவர், வெளிறிப்போய், “இல்ல சார், இல்ல சார்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வாசலில் கூட்டம் சேர ஆரம்பித்தது.

தமிழரசி ஆட்டோவை நிறுத்தி என்னையும் மாமாவையும் உள்ளே தள்ளினாள். “நைனா, நீ இவரப் புடிச்சிக்கினு போ, நான் பின்னாலயே வர்றேன்.” ஆட்டோ கிளம்பியது. மாமா என் கையைப் பிடித்தார். தைரியம் சொல்லப் பிடிக்கிறார் என்று நினைத்தேன். கை ஜில்லென்று இருந்தது.

“மாப்ள” என்றார் மெதுவாக. டிக்கெட் கேட்கிற அந்தப் பார்வை போயிருந்தது. “எனக்கும் மரத்துப்போச்சு.”

“எப்ப மாமா?”

“உங்களுக்கு முன்னாலயே. பொண்ணு பயந்துருவாளேன்னு சொல்லல.”

இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டோம். வேகத்தடையில் ஆட்டோ தூக்கிப் போட்டபோதெல்லாம் சேர்ந்தே “அய்யோ” என்றோம். அம்மா தனியாக என்ன செய்வார் என்று நான் அழுதேன். மாமா வாய்க்குள் அங்காளம்மனைக் கூப்பிட்டார். அந்த ரோட்டில் நான் தினமும் போகிறேன். அன்றைக்கு அது முடியவே இல்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். ரத்த அழுத்தம் பார்த்தார், கண்ணில் டார்ச் அடித்தார். “ரெண்டு கையையும் தூக்குங்க” என்றார். நாங்கள் கொள்ளைக்காரர்களிடம் மாட்டியவர்கள் போலத் தூக்கினோம். “சிரிங்க” என்றார். நான் அழுதுகொண்டே சிரித்தேன். மாமாவும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதைப் பார்த்தபோது நிஜமாகவே பயமாக இருந்தது.

“ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்லியே” என்று டாக்டர் சொல்லும்போது தமிழரசி உள்ளே வந்தாள். பின்னால் திலீப் அண்ணன், தலையில் கழற்ற மறந்த ஹெல்மெட்டோடு. அவள் கையில் சட்னிப் பொட்டலம். டாக்டர் எதிரிலேயே அதைப் பிரித்து, விரலால் தொட்டு நக்கினாள்.

“எனக்கும்தான் அப்பவே மரத்துப்போச்சு. அது அப்படித்தான் இருக்குமாம். அவங்க ஊரு மிளகாம். செத்த நேரத்துல சரியாயிடுமாம். அவரு சொல்ல வந்தாரு, இவருதான் ‘தெரியும் தெரியும்’னு கையக் காட்டிட்டாரு. எனக்கு அந்தக் குறுகுறுப்பு புடிச்சிருந்துச்சு, நான் பாட்டுக்கு சாப்ட்டுனு இருந்தேன்.”

நாக்கைப் புரட்டிப் பார்த்தேன். புரண்டது. எப்போது சரியானது என்றே தெரியவில்லை. அந்த நிமிடம் மறுபடியும் மரத்துப்போனால் நன்றாக இருக்குமே என்றிருந்தது.

டாக்டர் திரும்பி நின்று எதையோ எழுதினார். தோள் மட்டும் குலுங்கியது. மாமா சட்டையைச் சரிசெய்துகொண்டு, “நான் மாப்ளைக்குத் துணைக்குத்தான் வந்தேன்” என்றார்.

வெளியே வந்ததும் தமிழரசி என் எதிரில் நின்றாள். உயிர் பிழைத்த சந்தோஷமெல்லாம் போய் வேறொரு பயம் வந்து உட்கார்ந்தது. கல்யாணம் நின்றுவிடும், அம்மாவுக்கு எப்படிச் சொல்வேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

“பயம்னா பயம்னு சொல்லியிருக்கலாம் இல்ல? எதுக்கு அவ்ளோ பொய்?”

“நீ வேணாம்னு சொல்லிட்டா?”

அவள் தள்ளி நின்றிருந்த திலீப் அண்ணனைக் காட்டினாள். “அவரு கடைல ஒருத்தரும் இல்ல. வெஷம்னு ஊரெல்லாம் பேச்சாயிடும். வாங்க, எல்லாரும் பாக்கற மாதிரி உக்காந்து அந்தச் சட்னியச் சாப்டணும். நைனா, நீயும்தான்.”

போனோம். வாசலில் இன்னும் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். வெளிப்பக்கத்து மேஜையில் எங்களை உட்கார வைத்தாள். தட்டு வந்தது, கிண்ணம் வந்தது. விஷம் இல்லை என்று தெரியும். டாக்டரே சொல்லியாகிவிட்டது. இருந்தும் கை எழவில்லை. மாமா என்னைப் பார்த்தார், நான் மாமாவைப் பார்த்தேன். “ரைட் மாப்ள” என்றார் அவர். சேர்ந்து வாயில் போட்டோம்.

மறுபடியும் எறும்பு. மறுபடியும் உதடு காணாமல் போனது. பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்து, “நய்ய்யா இருக்குது” என்றேன். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஒருவர் உள்ளே வந்து, “எனக்கும் ஒரு தட்டு குடுப்பா, அது இன்னான்னு பாக்கறேன்” என்றார். திலீப் அண்ணன் அப்போதுதான் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

கல்யாணம் நடந்தது. அதற்குத் தமிழரசி போட்ட நிபந்தனை, இனி எதைச் சாப்பிட்டாலும் உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதுதான். சொல்கிறேன். நண்டைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குப் பயம்தான். காடை சரிப்பட்டுவிட்டது. ஆஸ்பத்திரி விஷயம் வெளியே போகக் கூடாது என்று அன்றைக்கே மாமாவும் நானும் சத்தியம் செய்துகொண்டோம். ஆனால் அவர்கள் பஸ் திண்டிவனம் போய்ச் சேருவதற்குள் தமிழரசி போனிலேயே இரண்டு வீட்டாருக்கும் சொல்லி முடித்திருந்தாள்.

இப்போதெல்லாம் வீட்டில் எனக்கு ஒரு தும்மல் வந்தால் போதும், “வேற கல்யாணம் பண்ணிக்கட்டுமா?” என்பாள். மாமாவோ சளி பிடித்தால் மாமிக்குச் சொல்லவே பயப்படுகிறார்.

போன வாரம் என் மகள் சம்மணம் போட்டு வெகுநேரம் வீட்டுப்பாடம் எழுதிவிட்டு எழுந்தாள். காலை ஊன்ற முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் பார்த்துக் கத்தினாள்:

“அம்மா! எனக்குக் கால் மரத்துப்போச்சு. எனக்காகக் காத்திருக்காத. நீ வேற பொண்ணு பெத்துக்கோ!”