சூட்டைச் செலவழிக்க ஒரு நாள்

பம்ப் ஓடவில்லை.

லிஸ்பெத் மோட்டார் அறைக் கதவில் காதை வைத்துக் கேட்டாள். பக்கத்துக் கொட்டகையில் பன்றிகள் தீவனத்துக்கு அடித்துக்கொள்ளும் சத்தம் தெளிவாகக் கேட்டது. பம்ப்பிடமிருந்து ஒரு முனகல் கூட இல்லை. மானியம் கொடுத்த இலாகாவிலிருந்து அதிகாரி மதியம் வருகிறார்.

பம்ப்பைப் பொருத்தியவருக்குப் போன் செய்தாள்.

"அது கெட்டுப் போகலைங்க," என்றார் அவர். "செப்டம்பர்ல இப்படி வெயில் அடிக்குது. வீட்ல ரேடியேட்டர் எல்லாம் மூடியிருப்பீங்க. சூட்டை வாங்கிக்க ஆள் இல்லைன்னா அது எதுக்கு ஓடும்?"

"கோடை பூரா மூடித்தானே வெச்சிருந்தோம்."

"அப்ப கோடை பூரா ஓடியிருக்காது."

"அதிகாரி கேட்டா என்ன சொல்றது?"

"ஓடலைன்னு சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

கொட்டகைத் தரைக்கு அடியில் பன்றிக் கழிவு தேங்கும் கால்வாய்கள். அவற்றின் கான்கிரீட்டுக்குள் பதித்த குழாய்கள் கழிவின் சூட்டை உறிஞ்சும். கழிவு குளிர்ந்தால் நாற்றம் குறையும், காற்று கெடாது. அரசு மானியம் கொடுத்தது அதற்குத்தான். உறிஞ்சிய சூட்டை வெப்ப பம்ப் இன்னும் கூட்டி, வீட்டு அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்கு அனுப்பும். தூக்கி எறிகிற பொருளிலிருந்து ஒரு வீடே கதகதப்பாவதை நினைக்கும்போதெல்லாம் லிஸ்பெத்துக்குச் சந்தோஷமாக இருக்கும்.

ஆனால் நிபந்தனை ஒன்று உண்டு. கழிவை ஆண்டு முழுவதும் குளிர்விக்க வேண்டும். தவறினால் மானியத்தைத் திருப்பித் தர வேண்டும். அதற்குத் தெற்கு வயலை விற்பதைத் தவிர வேறு வழியில்லை.

கணவன் ட்ரூல்ஸ் அப்போதே தயங்கினான். அவள்தான் பிடிவாதம் பிடித்து வாங்க வைத்தாள். இன்று பார்த்து அவன் டிராக்டர் கண்காட்சிக்குப் போய்விட்டான். மாமனார் ஹோல்கர் தயங்கவெல்லாம் இல்லை. சர்ச்சில் காபி குடிக்கிற இடத்திலிருந்து மளிகைக் கடை வரிசை வரைக்கும் சொல்லிவைத்திருந்தார். "என் மருமக பன்னி மூத்திரத்துல குளிர் காயப் போறா."

லிஸ்பெத் வீட்டுக்குள் ஓடி எல்லா ரேடியேட்டர்களையும் முழுதாகத் திறந்தாள். திரும்ப வந்து காதை வைத்தாள். பம்ப் உறுமத் தொடங்கியிருந்தது. அந்தச் சத்தம் அவளுக்குச் சங்கீதமாக இருந்தது.

சிறிது நேரத்தில் வீடு அடுப்பாகிவிட்டது. எல்லா ஜன்னல்களையும் திறந்துவிட்டாள். முற்றத்துக்கு எதிரே தன் சின்ன வீட்டில் இருந்த ஹோல்கர் அதைப் பார்த்துவிட்டார். ரேடியேட்டர் சுடும்போது ஜன்னல் திறந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும் ஆள் அந்த ஊரில் இனிமேல்தான் பிறக்க வேண்டும்.

"என்னம்மா, ஊரையே சூடாக்கறியா?"

"காத்து வரட்டும்னுதான் மாமா."

"காத்து வரதுக்கு ஜன்னல் போதும். இது எதுக்கு?" என்று கூடத்து ரேடியேட்டரை மூடினார். அடுத்த அறைக்குப் போனார். அங்கேயும் மூடினார்.

அவர் மூடிக்கொண்டே முன்னால் போக, அவள் திறந்துகொண்டே பின்னால் போனாள். மாடிப்படி அடியில் இருவரும் முட்டிக்கொண்டார்கள்.

"மாமா, அதிகாரிக்குக் கேக் வேணும். பேக்கரிக்குப் போயிட்டு வரீங்களா?"

"அவருக்கு எதுக்குக் கேக்கு? அவரா வாங்கப் போறாரு இந்த மெஷினை? உன்னை மாதிரி ஏமாந்தவங்க ஒருத்தர் போதும்."

ஆனாலும் போனார். கேக் விஷயத்தில் அவர் யாரையும் ஏமாற்றியதில்லை.

அவர் வந்தால் மறுபடி மூடுவார். லிஸ்பெத் யோசித்தாள். ரேடியேட்டர் குமிழைக் கழற்றிவிட்டால் உள்ளே இருக்கும் ஊசி வெளியே வந்து, வழி முழுதாகத் திறந்துகொள்ளும். அதன் பிறகு கையால் மூட முடியாது. எல்லாக் குமிழ்களையும் கழற்றி மேலங்கிப் பைகளில் போட்டுக்கொண்டாள். நடக்கும்போது கடகடவென்று சத்தம் வந்தது.

ஹோல்கர் கேக்கோடு வந்தார். மேசையில் வைத்ததும் க்ரீம் ஒரு பக்கமாகச் சரியத் தொடங்கியது. அவர் ரேடியேட்டரைப் பார்த்தார். மருமகளின் பைகளைப் பார்த்தார்.

"குமிழ் எங்க?"

"கழுவப் போட்டிருக்கேன்."

அவர் நேராக நிலவறைக்கு இறங்கினார். லிஸ்பெத் கேக்கைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் தள்ளிவிட்டுத் திரும்புவதற்குள் ரேடியேட்டர்கள் ஆறத் தொடங்கின. வீட்டின் மொத்தக் குழாயையும் அடைக்கிற பெரிய வால்வை அவர் மூடியிருந்தார். அதன் கைப்பிடியையும் கழற்றித் தன் பையில் போட்டிருந்தார்.

"மாமா, அதைக் குடுங்க."

"கழுவப் போட்டிருக்கேன்."

"இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும். தெற்கு வயல் போயிடும் மாமா."

அவர் முகம் மாறியது. ஏதோ சொல்ல வந்தவர் வாசல் மணி அடித்ததும் நிறுத்திக்கொண்டார். அவள் இடுக்கியை எடுத்துக்கொண்டு நிலவறைக்குப் பாய்ந்து வால்வைத் திறந்துவிட்டுத்தான் கதவைத் திறந்தாள்.

அதிகாரி ஸ்டீன் மெலிந்த மனிதர். வாசலில் காலணியைக் கழற்றினார். கூடத்தில் கோட்டைக் கழற்றினார். காபி வருவதற்குள் ஸ்வெட்டரையும் கழற்றினார். தட்டில் கேக் படுத்திருந்தது. அவர் அதைக் கரண்டியால் குடித்தார்.

"வீடு நல்லா... இதமா இருக்குங்க," என்றார், நெற்றியைத் துடைத்துக்கொண்டே.

"நாங்க குளிர் தாங்க மாட்டோம்," என்றாள் லிஸ்பெத். பையில் குமிழ்கள் கடகடத்தன.

மோட்டார் அறைக்குப் போனார்கள். பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டீன் திரையை அழுத்தி அழுத்திப் பார்த்தார். லிஸ்பெத் மனதுக்குள் தெற்கு வயலின் ஓரமாக நடந்து ஒவ்வொரு மரத்திடமும் விடைபெற்றுக்கொண்டிருந்தாள்.

"நான் இந்தப் பக்கம் எத்தனையோ பண்ணை பாத்துட்டேன்," என்றார் அவர். "கோடையில எல்லாரும் நிறுத்திடுவாங்க. சூட்டை வெச்சு என்ன பண்றதுன்னு தெரியாம முழிப்பாங்க. உங்களுது நிக்கவே இல்லைங்க. நடுநடுவுல மூச்சு வாங்கியிருக்கு, அவ்வளவுதான். இந்த மாதிரி ஓடின மெஷினை நான் பாத்ததே இல்லை."

லிஸ்பெத்துக்கு முதலில் வந்தது நிம்மதி. உடனே அதன் தோளைத் தட்டிக்கொண்டு சந்தேகம் வந்தது. சூடு காணாமல் போகாது. அது எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும்.

"எல்லாம் மூடியிருந்துச்சே. எங்க போச்சு அவ்வளவு சூடும்?"

"என்னைக் கேக்கறீங்களா?" ஸ்டீன் குனிந்து பம்ப்பின் பின்பக்கம் பார்த்தார். அங்கே பழைய கம்பளிச் சட்டை சுற்றிய ஒரு குழாய் சுவரைத் துளைத்து வெளியே போயிருந்தது. இணைப்பை விரலால் தடவிப் பார்த்தார். ஒரு சொட்டுக் கசிவு இல்லை.

"யாரு வெச்சது இதை? எங்க ஆளுங்க கூட இவ்வளவு சுத்தமா வைக்க மாட்டாங்க."

"இப்படி வெக்கலாமா?" என்றாள் லிஸ்பெத் பயத்தோடு.

"கழிவு குளிரணும். எங்களுக்கு அதுதான் கணக்கு. சூட்டை யாரு அனுபவிச்சாலும் நல்லதுதான்."

ஹோல்கர் மோட்டார் அறை வாசற்படியில் நின்று வானத்தை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். காதுகள் மட்டும் சிவந்திருந்தன.

அப்போது அவருடைய சின்ன வீட்டின் பின்பக்கத்திலிருந்து, பக்கத்துப் பண்ணை இங்கெலீஸ் என்ற அம்மாள் குளியல் அங்கியோடு, முடியிலிருந்து நீர் சொட்டச் சொட்ட, வெறுங்காலில் முற்றத்தைக் கடந்து வந்தாள்.

"ஹோல்கர், உன் மருமக ரேடியேட்டரை எல்லாம் மூடினியா இல்லையா? வெந்நீர்த் தொட்டி காலையில இருந்து ஆறிக்கிட்டே வருது, உள்ள அஞ்சு பேரும் நடுங்கிக்கிட்டு உக்காந்திருக்கோம்."