மாமனார் கத்தியில் நான் கண்டுபிடித்த விரிசல்

ஒரு விஷயத்தைப் பற்றி நாலு வீடியோ பார்த்தவனிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பழைய சவரக்கத்திகளைப் பற்றி நான் நாற்பது பார்த்திருந்தேன்.

அப்போது எனக்கு வைட்ஃபீல்டில் வேலை. பழைய சாமான் சந்தையில் துருப்பிடித்த மடக்குக் கத்தி ஒன்றை வாங்கி, இரண்டு மாதம் தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தேன். (அதை வைத்து ஒரு முடியைக்கூட வெட்ட முடியவில்லை என்பதை யாரிடமும் சொல்லவில்லை.) எந்தக் கத்தி தேறும், எது தேறாது என்று ஆபீஸ் கேன்டீனில் தினமும் பாடம் நடத்துவேன். பொறுமையாகக் கேட்ட ஒரே ஆள் மலர். அவளைத்தான் கல்யாணம் செய்துகொள்வது என்று நான் முடிவெடுத்ததில் ஆச்சரியமில்லை. அவளும் சம்மதித்ததுதான் ஆச்சரியம்.

மிச்சம் இருந்தவர் அவள் அப்பா. அவர் சரி என்றால் கல்யாணம், இல்லையென்றால் இல்லை என்று மலர் தெளிவாகச் சொல்லிவிட்டாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல், பாடம் நடத்தாதே என்று பஸ்ஸிலேயே இரண்டு தடவை எச்சரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மர்பி டவுனில் அவர்கள் வீட்டில் போய் உட்கார்ந்தேன். அவள் அப்பா வெள்ளைச் சட்டையும் கன்னங்கரேலென்ற மீசையுமாக எதிரே உட்கார்ந்திருந்தார். அறுபதைத் தாண்டியவருக்கு அப்படியொரு மீசை. தங்கள் வம்சத்திலேயே யாருக்கும் நரைக்காது என்று அவரே சொன்னார். திருப்பத்தூரில் எங்கள் வீடு எந்தப் பக்கம் என்று விசாரித்தார். அப்புறம் உள்ளே போய், வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு சவரக்கத்தியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

"தம்பிக்கு இதெல்லாம் பாக்கத் தெரியும்னு மலர் சொல்லிச்சு. இது தேறுமா, கொஞ்சம் பாருங்க."

ஆஹா, பரீட்சை வைக்கிறார் என்று நினைத்தேன். நல்ல கத்தி என்று பூசி மெழுகினால் ஜால்ரா என்று தள்ளிவிடுவார், உள்ளதைச் சொன்னால் பெண்ணைக் கொடுப்பார். மலர் கண்ணால் ஏதோ ஜாடை காட்டினாள். உற்சாகப்படுத்துகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

கத்தியைப் பிரித்து டீப்பாய் கண்ணாடிமேல் படுக்கவைத்து, ஆடுகிறதா என்று பார்த்தேன். காதருகே பிடித்து நகத்தால் சுண்டினேன். காபியோடு வந்த மலரின் அம்மா அப்படியே நின்றுவிட்டார். கத்தியின் உடம்பில் கறை இருந்தால் பரவாயில்லை, கூரான ஓரத்தில் துரு ஏறினால்தான் ஆபத்து என்று விளக்கினேன். அதுவரை எல்லாம் சரிதான். அங்கேயே வாயை மூடியிருக்கலாம். மொபைலை எடுத்து, கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரத்தை ஒட்டி மெல்லிய கோடு ஒன்று தெரிந்தது.

"விரிசல் சார்" என்றேன். "பளிச்சுனு இருக்கிற பாதி புதுசா விட்டது. கறுப்பா இருக்கிற பாதியில துரு உள்ள இறங்கிடுச்சு. இனிமே இது தேறாது. இதுல ஷேவ் பண்ணா மூஞ்சி கிழிஞ்சிடும்."

"அப்படியா" என்று கன்னத்தைத் தடவிக்கொண்டார். "காலைல இதுலதான் பண்ணேன்."

கன்னம் வழவழவென்று இருந்தது. புத்தியுள்ளவன் அந்த இடத்தில் சிரித்துச் சமாளித்திருப்பான். நான், "உங்க நல்ல நேரம் சார்" என்றேன்.

மலர் தலையைக் குனிந்துகொண்டு ஒரு தகவல் சொன்னாள். அப்பாவுக்கு ஃபேக்டரியில் முப்பது வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் வேலையாம். இரும்புச் சாமான்களில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் உத்தியோகமே. (இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?)

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கத்தியை வாங்கினார். அதே துணியால் முதுகுப் பக்கத்திலிருந்து ஒரே இழுப்பாகத் துடைத்தார். விரிசல் கையோடு வந்துவிட்டது. காய்ந்த சோப்பில் ஒட்டியிருந்த ஒற்றை முடி அது. பாதி வெள்ளை, பாதி கறுப்பு.

மலரின் அம்மா துணியைப் பார்த்தார், பிறகு மீசையைப் பார்த்தார். மலரும் மீசையைப் பார்த்தாள். அவளுக்கே அது புதுச் செய்தி என்பது முகத்தில் தெரிந்தது. நானாவது வேறு எங்கேயாவது பார்த்திருக்கலாம். நானும் மீசையைத்தான் பார்த்தேன். ஆசைப்பட்ட பெண்ணை ஒரு முடியால் இழந்துவிட்டோமே என்று நிஜமாகவே அழுகை வந்தது.

அவர் கத்தியை நிதானமாக மடக்கினார். "துரு இல்ல தம்பி. டை."

மலரின் அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடினார். அவர் சிரித்தது தெருவுக்கே கேட்டிருக்கும். அடுத்து மலர் சிரித்தாள். அவள் அப்பா மட்டும் சிரிக்கவில்லை, எனக்கு இன்னொரு காபி கொண்டுவரச் சொன்னார்.

கிளம்பும்போது மன்னிப்புக் கேட்டேன். "தப்பாதான் சொன்னீங்க" என்றார். "ஆனா மனசுல பட்டத மூஞ்சிக்கு நேரா சொன்னீங்க. வீட்ல நாள் பாக்கச் சொல்லுங்க."

கல்யாணத்தில் வெள்ளை மீசையோடுதான் தாரை வார்த்துக் கொடுத்தார். அன்று முதல் அந்த வீட்டில் சாம்பாரில் முடி கிடந்தால் யாரும் முடி என்று சொல்வதில்லை. "மாப்ள, விரிசல் வந்திருக்கு, செக் பண்ணுங்க" என்று தட்டை என் பக்கம் தள்ளுவார்கள். கத்தியை எனக்குத் தாருங்கள் என்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். தேறாத கத்தி உங்களுக்கு எதற்கு என்று மாமனார் கைவிரித்துவிடுகிறார். தினமும் அதில்தான் ஷேவ் செய்கிறார்.

போன மாதம் போயிருந்தேன். எனக்கும் நாற்பது தாண்டிவிட்டது, மீசை மட்டும் கன்னங்கரேலென்று இருந்தது. வாசலிலேயே நிறுத்தி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் மீசையை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை பார்த்தார்.

"மாப்ள," என்றார், "துரு எப்போ புடிச்சுது?"