கவிப்பிரியா பாபுவை ஓடவைத்த படலம்

ஐயப்பன்தாங்கல் அடுக்ககத்தின் மூன்றாம் மாடித் திலகமே, மென்பொருட் பிழைகளைத் தேடித் தேடிக் கொன்று குவிக்கும் சோதனைச் சேனையின் தலைவியே, குக்கர் விசிலுக்கும் மேலாளர் அழைப்புக்கும் ஒரே மூச்சில் மறுமொழி தரும் மாதரசியே, கவிப்பிரியாவே, நின் திருவடி போற்றி! அத்திருவடி, குதிரையேறக் கால்வைக்கும் அங்கவடி என்னும் இரும்பு வளையத்துள் நுழையாமல் மீண்டும் மீண்டும் நழுவிய வரலாற்றை இதோ பாடத் தொடங்குகிறோம்; தமிழன்னை துணை நிற்க, பாரிவாக்கத்துப் புழுதி சற்றே விலகி நிற்க.

கல்லூரிக் காலத்தில் என்.சி.சி. குதிரைப் பிரிவில் காற்றைக் கிழித்துப் பறந்தவள் இவள். பின்னர் வேலை வந்தது, கல்யாணம் வந்தது, மகள் வந்தாள், முதுகுவலியும் வந்தது. குதிரை மட்டும் வரவில்லை. ஆண்டுகள் உருண்டோட, ஒரு வெள்ளிக்கிழமை மதியம், ஆபீஸ் உணவுக்கூடத்தில் தயிர்சாத டப்பா திறந்திருக்க, "நான்லாம் குதிரையே ஓட்டுனவ, தெரியும்ல?" என்று வாய்தவறி மொழிந்தாள். சபை சிரித்தது. தினமும் அதே பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வரும் சபீனா, "ஞாயித்துக்கிழமை ஓட்டி வீடியோ அனுப்பு. அதுவரைக்கும் நம்ப மாட்டேன்" என்று முரசறையாமலே போர் அறிவித்தாள். கவிப்பிரியாவுக்குச் சுருக்கென்றது. தனக்கென்று இருந்த ஒரே வீரத்தையும் புளுகு என்று சொல்லிவிட்டாளே என்று நெஞ்சு கொதித்தது.

ஞாயிறு புலர்ந்தது. கணவன் ஆனந்தன் பைக் செலுத்த, பூந்தமல்லி நெரிசலைப் புறங்கண்டு, பாரிவாக்கத்தில் மனைக்கல் நட்ட காலி நிலத்தில் பச்சையப்பன் நடத்தும் குதிரைப் பயிற்சிக் களத்தை அடைந்தாள் தலைவி. அங்கே நின்றான் பாபு: பால்வெண் மேனியன், பட்டுப்பிடரியன், உலகத்தையே பார்த்து முடித்தவன்போல் அரைக்கண் மூடியவன்.

"சாதுவான குதிரக்கா. போன மாசம் வரிக்கும் மாப்ள ஊர்வலம் போய்கினு இருந்துச்சி, இப்பதான் நம்மகிட்ட வந்துகீது" என்று பச்சையப்பன் அபயமளித்தார்.

ஏறினாள் என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாகாது. தொங்கினாள், வழுக்கினாள், பச்சையப்பன் தோளை மிதித்தாள், எதிர்ப்பக்கம் விழப்போய்ப் பிடரியைக் கட்டிக்கொண்டாள். ஜீன்ஸின் முழங்கால் டர்ரென்று வீரமரணம் எய்தியது. ஆயினும் சேணத்தில் அமர்ந்த கணமே முதுகு தானாக நிமிர்ந்தது. கடிவாளம் பற்றிய விரல்கள் பழைய பாடத்தை மறக்கவில்லை. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

குதிகாலால் மெல்ல அழுத்தினாள். பாபு நடந்தான், நடை ஓட்டமாயிற்று. அந்தோ, அக்கணமே ஆனந்தன் கைப்பேசியை உயர்த்தினான். பாபு நின்றான். கழுத்தை வளைத்து, முன்னங்கால் ஒன்றைத் தூக்கி, ஆனந்தன் பக்கம் அழகாக முகம் திருப்பிக் கல்லாய்ச் சமைந்தான். கைப்பேசி தாழ்ந்தது, ஓடினான். உயர்ந்தது, நின்றான். "பசி போலக் கீது" என்று பச்சையப்பன் கேரட் நீட்டினார். பாபு கேரட்டைத் தின்றுவிட்டும் நின்றான். "பிரியா, இது வீடியோவா போட்டோவான்னு எனக்கே தெரியல" என்று அறிவித்தான் ஆனந்தன்.

அப்போதுதான், பிழை பிடிப்பதையே பிழைப்பாய்க் கொண்ட அவள் சிந்தையில் மின்னல் வெட்டியது. ஊர்வலம் ஊர்வலமாகப் போட்டோவுக்கு நின்று பழகிய குதிரை இது. கேமராவைக் கண்டால் மாப்பிள்ளையைப் படம் எடுத்து முடிக்கும்வரை அசையக்கூடாது என்பது இதன் தொழில் தர்மம். படம் பிடித்தால் ஓட்டம் இல்லை. ஓட்டம் வேண்டுமென்றால் சபீனாவுக்குக் காட்ட ஒன்றும் இல்லை. ஒரு பக்கம் உணவுக்கூடத்துச் சிரிப்பு, மறுபக்கம் தொடைக்கடியில் துடிக்கும் பாபுவின் விலா. அவள் வெகுநேரம் யோசிக்கவில்லை.

"போனைப் பாக்கெட்ல வைங்க" என்று ஆணையிட்டாள்.

"அப்போ ஆதாரம்?"

"வேணாம்."

பாய்ந்தான் பாபு! மனைக்கற்கள் பின்னோட, வேலிக்கருவை தலைவணங்க, மேய்ந்த மாடுகள் அசைபோட மறக்க, துப்பட்டா வெற்றிக்கொடியாய் விரிய, சேணம் மேலெழும்போது அவள் கீழிறங்கியும் அவள் மேலெழும்போது சேணம் கீழிறங்கியும் இருவரும் நடுவழியில் இடியென மோதிக்கொள்ள, "ஐயோ" என்றும் "ஐயோ இன்னும் வேகமா" என்றும் ஒரே வாயால் கூவியபடி, மேலாளரையும் முதுகுவலியையும் சபீனாவையும் திங்கட்கிழமையையும் ஒருங்கே மறந்து, கல்லூரிக்காரியாகிக் களத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள் கவிப்பிரியா. பச்சையப்பன் விசிலடித்தார். ஆனந்தன் வெறுங்கையோடு வாய்பிளந்து நின்றான். அவள் அத்தனை மகிழ்ச்சியாக இருந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

மறுநாள் காலை டிப்போவிலேயே பஸ் ஏறியும், அத்தனை சீட் காலியாக இருந்தும், ஆபீஸ் வரை நின்றுகொண்டே வந்த கவிப்பிரியாவிடம் சபீனா வீடியோ கேட்கவில்லை.