எட்டாம் அறைக்கு ஒரு கணவர்

“சனிக்கிழமை விடியறதுக்குள்ள உன் புருஷன் என் கண்ணு முன்னாடி நிக்கணும். இல்லேன்னா உன் பாயும் பானையும் தெருவுல நிக்கும்!”

வீட்டுக்காரர் பாபா அலாடே இந்த ஆணையைப் பிறப்பித்தபோது, எட்டாம் அறை மொரெனிக்கே குளியலறை வரிசையில் வாளியோடு நின்றிருந்தாள். வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. லாகோஸ் நகரின் முஷின் பகுதியிலிருந்த அந்த வீட்டில் இரகசியம் என்ற பொருளுக்கு இடமே கிடையாது. நடுவே ஒரு நடை. இருபுறமும் முகத்துக்கு முகம் பார்த்து நிற்கும் இருபது அறைகள். அத்தனை பேருக்கும் ஒரே குளியலறை, ஒரே சமையற்கட்டு. ஓர் அறையில் தும்மினால் எதிர் அறையிலிருந்து ஆறுதல் வரும்.

“வருவாரு பாபா. கப்பல்ல இருக்காரு.”

“எந்தக் கப்பல் ஆன்ட்டி?” என்றாள் எதிர் அறை எக்காயெட்டே. “மழைக்காலம் பூரா மிதக்குதே, துறைமுகமே கிடைக்கலியா அதுக்கு?”

வரிசை சிரித்தது. மொரெனிக்கே சிரிக்கவில்லை.

லாகோஸ் நகரில் பெண்ணொருத்தி சந்தையில் கடை போடலாம், பழுதான கைபேசிகளுக்கு உயிர் கொடுக்கலாம், உழைத்து உண்ணலாம். ஆனால், தலைசாய்க்க ஓர் அறை கேட்டால் மட்டும், “எங்கே உன் கணவன்?” என்று எழுந்து நிற்கிறது சமுதாயம்! மழைக்குத் தெரியுமா, நனைகிறவள் மணமானவளா, ஆகாதவளா என்று? மழைக்குத் தெரியாத அந்த வேறுபாடு வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. தனியாகப் போய்க் கேட்ட வீடுகளிலெல்லாம் கதவு சாத்தப்பட்ட பிறகுதான், இந்த வீட்டில் அவள் வாயிலிருந்து அந்தக் கப்பல் புறப்பட்டது. இதையும் இழந்தால் அவளுக்குப் போக்கிடம் இல்லை.

அன்று மாலையே அவள் தன் கைபேசிக் கடைக்கு வந்துபோகும் லான்ரேயைப் பிடித்தாள். லான்ரே திரைப்பட நடிகன். பிணமாக மட்டுமே நடித்தவன்.

“அக்கா, எனக்கு வசனம் உண்டா?” என்றான்.

“ஒண்ணே ஒண்ணு. ‘வணக்கம் பாபா, கப்பலுக்கு நேரமாச்சு.’ சொல்லிட்டு அடுத்த பஸ்ஸுல ஏறிடணும். மத்தியானம் என் செலவுல சோறு, மீன்.”

“அழுகைக் காட்சி?”

“கிடையாது.”

சனிக்கிழமை விடியற்காலையில் லான்ரே வந்தான். கப்பல்காரன் என்றால் வெள்ளைச் சட்டை வேண்டுமல்லவா? தேவாலயப் பாடகர் குழுவின் அங்கியைக் கடன் வாங்கி அணிந்திருந்தான்.

“வணக்கம் பாபா! கப்பலுக்கு நேரமாச்சு!”

பாபா வெண்பற்கள் தெரியச் சிரித்தார். “கப்பல் எங்கயும் போகாது. ஏன், கைவண்டிகூடப் போகாது. இன்னிக்கு மாசத்தோட கடைசிச் சனிக்கிழமை!”

மொரெனிக்கேவுக்கு அப்போதுதான் உறைத்தது. மாதக் கடைசிச் சனி, நகரத் தூய்மை நாள்! பத்து மணிவரை வண்டி ஓடாது. வீதியில் நடந்தால் காவலர் பிடிப்பார். வீட்டுக்கு வீடு சாக்கடை வாரியாக வேண்டும். கணவனைத் தேடிய கவலையில் நாட்காட்டியை மறந்துவிட்டாள்.

பாபா ஒரு மண்வெட்டியை நீட்டினார். “புடிங்க கேப்டன்.”

பிணமாகக் கிடந்து கிடந்து சலித்த உடம்பு அல்லவா? லான்ரே எழுந்தான், எழுந்தவன் அடங்கவில்லை. அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு சாக்கடையில் இறங்கினான். “இடது பக்கம் தள்ளு! வலது பக்கம் இழு! கொசுவுக்கு இந்தக் கரையில் இடமில்லை!” என்று முழங்கினான். ஆண்டுக்கணக்கில் அடைத்திருந்த நீர் ஓடத் தொடங்கியது. நடை முழுவதும் கைதட்டியது.

பத்து மணிக்கு வண்டிகள் ஓடின. லான்ரே ஓடவில்லை. அவனைக் குடியிருப்போர் சங்கத் தலைவராகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

“ஏன்டா ஒத்துக்கிட்ட?” அறைக்குள் இழுத்துப் போய்ப் பல்லைக் கடித்தாள் மொரெனிக்கே.

“கைதட்டினாங்க அக்கா! பொணத்துக்கு யாரு கைதட்டுவா?”

“வாரா வாரம் ஞாயித்துக்கிழமை கூட்டம் போடுவாங்கடா!”

“வரேன். மீனு மட்டும் கொஞ்சம் பெருசா போடு.”

ஆகவே, கப்பல் பழுதாகித் துறைமுகத்தில் நிற்கிறது என்று அறிவிக்கப்பட்டது. அந்தப் பொய் அவளையே திருப்பித் தாக்கியது.

“கப்பல் இங்கதான் நிக்குதுன்னா கேப்டன் ஏன் அங்க தூங்கணும்?” என்று அடுத்த ஞாயிறு கூட்டத்தில் பாபா எழுந்தார். “இரவில் வீடு தங்காத கணவன் உள்ள அறை காலி செய்யப்படும். இதுதான் தீர்மானம். யார் வழிமொழியறீங்க?”

தலைவர் நாற்காலியிலிருந்து ஒரு கை பாய்ந்து உயர்ந்தது. உணர்ச்சிவசப்பட்ட லான்ரேயின் கை!

அந்நிய ஆணை இரவில் அறையில் தங்க வைக்க முடியாது. இனி ஒரே வழிதான். மறுநாள் வரிசையில் வாளியைத் தொப்பென்று வைத்தாள் மொரெனிக்கே. “சண்டை. அந்த ஆளத் துரத்திட்டேன். பேச்சே கிடையாது.”

கணவன் இருக்கிறான், ஆனால் கோபித்துக்கொண்டு போயிருக்கிறான் என்றால் அந்தத் தீர்மானம் சில மாதமாவது தள்ளிப்போகும் என்பது அவள் கணக்கு. வீட்டில் சண்டை என்றால் வீடே திரண்டு வந்து சேர்த்து வைக்கும் என்பதை அவள் மறந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே முற்றத்தில் பெஞ்சுகள் போடப்பட்டன. இருபது அறையும் கூடியது. எக்காயெட்டே ஆள் அனுப்பி லான்ரேயைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தாள்.

அழுகைக் காட்சி அவனுக்குக் கிடைத்துவிட்டது!

“தப்பு என்னோடதுதான்!” என்று மார்பில் அறைந்துகொண்டு மண்ணில் விழுந்தான் லான்ரே. “இன்னொருத்தி இருந்தா! லோமே துறைமுகத்துல! ரெண்டு குழந்தை!”

“அடப்பாவி!” என்று அலறினாள் எக்காயெட்டே.

“இரட்டைப் பிள்ளைங்க!” என்று மேலும் தேம்பினான் லான்ரே.

பாபா கையை உயர்த்தினார். “ஆம்பளை தப்பு செய்வான். அழுதுட்டான், போதும். மொரெனிக்கே, அவன் முன்னாடி மண்டி போடு. மன்னிச்சேன்னு சொல்லி உள்ள கூட்டிட்டுப் போ.”

“தப்பு செஞ்சது அவரு. மண்டி நானா?”

“பொம்பளை மண்டி போட்டாத்தான் வீடு நிக்கும்.”

மொரெனிக்கே எழுந்தாள். மண்டியிட அல்ல, நிமிர்ந்து நிற்க!

“போட மாட்டேன். இவன் என் புருஷனே இல்ல. எனக்குப் புருஷனே கிடையாது. சோறு போடறேன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்த நடிகன் இவன்.”

முற்றம் வாய்பிளந்தது. லான்ரே அழுகையை நிறுத்தாமலே, “நல்லா நடிச்சேனா?” என்று கேட்டான்.

“கேக்கறேன், பதில் சொல்லுங்க!” மொரெனிக்கேயின் குரல் இருபது கதவுகளிலும் மோதியது. “என் முறை வந்தா நடையக் கூட்டறது யாரு? நான்! சமையக்கட்ட கழுவறது யாரு? நான்! வாடகைய நாள் தவறாம கொடுக்கறது யாரு? நான்! இதுல எந்த வேலைக்குப் புருஷன் வேணும், பாபா? சொல்லுங்க, இப்பவே போய் ஒருத்தன கட்டிக்கறேன்!”

எக்காயெட்டே தன் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். “எனக்கும் ஒருத்தரு இருக்காரு பாபா. இதுவரைக்கும் தொடப்பம் எங்க இருக்குன்னே அவருக்குத் தெரியாது.”

பெண்கள் பெஞ்சில் சிரிப்பு வெடித்தது. “அவ இருக்கட்டும்!” என்று ஒரு குரல். “இருக்கட்டும்! இருக்கட்டும்!” என்று பல குரல்கள். ஆண்களில் சிலரும் கைதட்டினார்கள்; சாக்கடை ஓடியதற்குத் தட்டியதைவிட ஓங்கித் தட்டினார்கள்.

பாபாவின் முகம் கருத்தது. “நிறுத்துங்க! இருக்கணுமா வேணாமான்னு சொல்ல நீங்க யாரு? புருஷன வாடகைக்குக் கூட்டிட்டு வந்த பொம்பளைக்கு இந்த வாசல்ல இடம் கிடையாது! இன்னிக்கே போகணும்!”

“அவ எங்கயும் போகமாட்டா” என்றது சமையற்கட்டு வாசலிலிருந்து ஒரு மெல்லிய குரல்.

எல்லோரும் திரும்பினார்கள். பாபாவின் மனைவி சிமியாட் சேனைக்கிழங்கைச் சீவிக்கொண்டிருந்தாள். கூட்டங்களில் அவள் பேசி யாரும் கேட்டதில்லை.

“நீ உள்ள போ!” என்று சீறினார் பாபா. “இந்த வீட்டுக்கு நான்தான் வீட்டுக்காரன்!”

சிமியாட் கத்தியைக் கீழே வைத்தாள், கையைத் துடைத்துக்கொண்டாள், கணவரை நிதானமாகப் பார்த்துச் சொன்னாள்:

“உக்காருங்க. தனிப் பொம்பளைக்கு நிலம் விக்க மாட்டோம்னு சொன்னாங்களேன்னு, இந்த மனைய நான் வாங்கறப்போ ஒரே ஒரு நாளைக்குத்தான் உங்கள வாடகைக்குக் கூட்டிட்டு வந்தேன். இன்னும் திருப்பி அனுப்பல, அவ்வளவுதான்.”