ஆமென் வராததால் மோட்டார் போடவில்லை

தாராபுரத்துக் கோழித்தீவன ஆலையில் கௌரவமாக உத்தியோகம் பார்க்கும் அருமைத் தம்பி ஜேக்குக்கு,

கோயமுத்தூரிலிருந்து உன் அக்கா ஃபெமினா தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே அம்மா சுகம், நான் சுகம், தொண்டை நீங்கலாக அப்பாவும் சுகம். உன் சுகத்தை வாட்ஸ்அப்பில் கேட்டுக் கேட்டு, நீல டிக்கை மட்டும் பதிலாக வாங்கிக்கொண்டு, கடைசியில் காகிதத்தை எடுத்திருக்கிறேன். அம்மா அனுப்பும் பருப்புப்பொடி டப்பாவுக்குள் இதை மடித்து வைக்கிறேன். பொடியைத் தின்கிறவன் கடிதத்தையும் படித்தே ஆகவேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உன்னைத் திரும்பி வரச்சொல்லி இதை எழுதவில்லை. அப்பா மனம் மாறிவிட்டார் என்று சொல்லவும் எழுதவில்லை, மாறவில்லை. பெற்றவருக்கு உடம்பு சரியில்லை என்றால் பிள்ளைக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த ஒரு கடமைக்காகத்தான் எழுதுகிறேன்.

அப்பா பகலில் உன் பேரை எடுப்பதில்லை. இரவு எட்டு மணிக்குக் குடும்ப ஜெபத்தில் மட்டும், அதுவும் ஆண்டவரிடம்தான் உன்னைப் பற்றிப் பேசுகிறார். "தூர தேசத்தில் அந்நியர் நடுவே தனித்திருக்கும் எங்கள் ஜேக்கை நினைத்தருளும்" என்று அவர் உருகுவதைக் கேட்டு, போன மாதம் ஜெபத்துக்கு வந்திருந்த பங்காரு ஆன்ட்டி கலங்கிப்போய்விட்டார். என்னைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போய், தம்பி கனடாவிலா இருக்கிறான், பனி கொட்டுமே, ஸ்வெட்டர் வாங்கிக் கொடுத்தீர்களா என்று விசாரித்தார். தாராபுரம்ங்க ஆன்ட்டி, பஸ் ஏறினால் இரண்டு மணி நேரம் என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, காபிக்குச் சர்க்கரை பத்தவில்லை என்றார்.

நீ போன இரவை உனக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. ஆனால் நீ பார்க்காத பாதி என்னிடம் இருக்கிறது. அன்றைக்கு முடிவு ஜெபம் செய்ய வேண்டியவன் நீ. நாங்கள் கண்ணை மூடிக் காத்திருந்தோம். நீ, "எனக்கு ஜெபம் வரமாட்டேங்குதுங்கப்பா, சும்மா வார்த்தையாத்தான் வருது" என்றாய். பொய் பேசாத பிள்ளையாக வளரவேண்டும் என்று உன் பிறந்தநாள்தோறும் ஜெபித்தவர், அது நிறைவேறியதற்குச் சந்தோஷப்பட்டிருக்கலாம். "ஜெபம் வராதவன் சோத்துக்கு மட்டும் எதுக்கு உக்கார்றது" என்றார். நீ எழுந்து பையை எடுத்தாய். சொன்ன வார்த்தையைத் திரும்பப் பிடித்துப் போட்டுக்கொள்ளப் போவதுபோல் அப்பாவின் கை முன்னால் நீண்டது. உனக்கு அது தெரிந்திருக்காது, முதுகைக் காட்டிக்கொண்டு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாய்.

சரி, தொண்டைக்கு வருகிறேன். சர்ச்சில் அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையாக வந்த காய்கறிகளின் ஏலம் நடந்ததல்லவா, இந்த வருஷமும் ஏலம் விட்டது நம் அப்பாதான். தொண்டாமுத்தூரிலிருந்து ஒருவர் காணிக்கையாக ஒரு பூசணிக்காய் கொண்டுவந்திருந்தார், தூக்க இரண்டு ஆள் வேண்டும். அதை யாரும் கேட்கவில்லை. யாருக்கும் வேண்டாத பொருளை அப்பா சும்மா விடுவாரா, அதன் நிறத்தை, குணத்தை, ஆண்டவர் அதைப் படைத்த நோக்கத்தை மத்தியானம் வரைக்கும் மைக் இல்லாமல் கத்தி, கடைசியில் அதைத் தானே ஏலத்தில் எடுத்து, ஆட்டோவில் பூசணிக்காயோடு வீட்டுக்கு வந்து இறங்கி, அம்மாவிடம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், வெறும் காற்றுதான் வந்தது. அம்மா அதற்காகவும் தோத்திரம் சொன்னதாக எனக்குச் சந்தேகம். அதிலிருந்து காலையில் பூசணிக் கூட்டு, ராத்திரி பூசணிச் சாம்பார், நடுவில் உப்புத்தண்ணி கொப்புளிப்பு.

வியாழக்கிழமை ராத்திரிதான் சிக்கல் வந்தது. ஜெபத்தில் ஆளுக்கொரு நாளாக, அப்பா, அம்மா, நான், நீ என்று வேதாகமத்தில் ஓர் அதிகாரம் வாசிப்போமே, அந்த முறை இன்னும் மாறவில்லை. நீ போனபின் மூன்று பேராக மாற்றிக்கொள்ளலாம் என்று அம்மா சொல்லிப் பார்த்தார், அப்பா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. உன் முறை வரும் நாளில் அவரே வாசிக்கிறார். தன் முறைக்குக் கம்பீரமாக வாசிக்கிறவர், உன் முறைக்கு மட்டும் நீ வாசிக்கிற மாதிரியே கொஞ்சம் வேகமாக, மூச்சு விடாமல் வாசிக்கிறார். இது அவருக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. பாயில் உன் மூலையும் அப்படியேதான் கிடக்கிறது, ஃபேன் காற்று பூராவும் அங்கேதான் போகிறது, யாரும் நகர்ந்து உட்காருவதில்லை.

அந்த வியாழக்கிழமை உன் முறை. அதுவும் நாளாகமத்தில் வரும் அந்தப் பெயர்ப்பட்டியல் அதிகாரங்களில் கடைசி. சின்ன வயசிலிருந்து உன் நாக்கு சிக்கிக்கொள்ளும் இடம், ஒவ்வொரு பெயரையும் நீ தப்பாகச் சொல்ல, ஒவ்வொன்றையும் அப்பா நிறுத்தித் திருத்த, சாம்பார் ஆறிப்போகும் இடம். அப்பா வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. "குடுங்க, புள்ள படிக்கட்டும்" என்று அம்மா சொல்ல, நான் கையை நீட்ட, அப்பா வேதாகமத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, "அது அவன் முறை" என்று காற்றாலேயே சொன்னார். அப்படியே உட்கார்ந்திருந்தோம். வாசிப்பு இல்லாததால் பாட்டு இல்லை, பாட்டு இல்லாததால் ஜெபம் இல்லை, ஒவ்வொருவராகக் கண்ணைத் திறந்து எழுந்துபோய்த் தோசை சாப்பிட்டுத் தூங்கிவிட்டோம்.

கீழ்வீட்டு அமீர் ஹம்சா அண்ணன் தூங்கவில்லை. நம் ஹால் ஜன்னலுக்கு நேர் கீழேதான் காம்பவுண்டுக்கே தண்ணி ஏற்றும் மோட்டார், போட்டால் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டே வீட்டுக்குள் வந்த மாதிரி இருக்கும், அதனால் நம் ஆமென் கேட்டபிறகுதான் போடுவார், இத்தனை வருஷமாக அதுதான் வழக்கம், நாம் யாரும் கேட்டுக்கொள்ளாமலே. அன்றைக்கு ஆமென் வரவில்லை. மேலே ஏதோ பெரிய காரியத்துக்காக உருக்கமாக ஜெபிக்கிறார்கள் என்று நினைத்து, அவர் வீட்டு ரூபினா அக்கா டிவியையும் நிறுத்திவிட்டார்களாம். அண்ணனும் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர் அங்கேயே தூங்கிவிட்டார். காலையில் காம்பவுண்ட் முழுக்கச் சொட்டுத் தண்ணி இல்லை. முன்வீட்டு சுரேந்தர் தலை நிறைய ஷாம்பூ நுரையோடு, துண்டைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று எல்லா மதத்தையும் பொதுவாகத் திட்டினார். அமீர் ஹம்சா அண்ணன் மாடிப்படியில் நின்றபடி, "ஆமென் வரலைங்களே, நான் என்னங்க பண்றது? நடுவுல போட்டுப்போட்டா நல்லாவா இருக்கும்?" என்றார்.

இப்போது ஏற்பாடு இதுதான். தினமும் எட்டு மணிக்கு உட்காருகிறோம். அப்பா நாடா போட்ட பக்கத்தைத் திறக்கிறார், தொண்டையைத் தொட்டுக் காட்டுகிறார், மூடுகிறார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி உரக்க ஆமென் சொல்கிறார். மோட்டார் ஓடுகிறது. அடுத்த அதிகாரத்தில் சவுல் ராஜா போர்க்களத்தில் விழவேண்டும். நீ வாசிக்காததால் மனிதர் இன்னும் உயிரோடு இருக்கிறார். டாக்டர் குரலுக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னார். தேன், மிளகு, சித்தரத்தை எல்லாம் ஆயிற்று. எதற்கும் தொண்டை கேட்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, ஜேக். அதனால் நோயாளியைப் பார்க்கிற மாதிரி ஒருநாள் வந்துவிட்டுப் போ.

உன்னிடம் ஒன்று சொல்லவேண்டும் என்று பல நாளாக நினைக்கிறேன். எனக்கும் பெரும்பாலும் வார்த்தைதான் வருகிறது. நிறையப் படிக்கிறேன், படிக்கப் படிக்க இன்னும் நல்ல வார்த்தையாக வருகிறது, அவ்வளவுதான். அப்பாவுக்கும் சில நாள் அப்படித்தானோ என்று தோன்றுகிறது. தனியாக இருந்தால் நான் எப்போதோ விட்டிருப்பேன். நாலு பேர் உட்கார்ந்திருந்ததால்தான், என் வார்த்தை எங்கே தடுக்கி விழுந்தாலும் பக்கத்தில் ஒருவர் ஆமென் என்று தாங்கிக்கொள்வதால்தான், அது ஜெபமாக இருந்தது. மூன்று பேர் இருந்தாலும் அது நடக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். நடக்கவில்லை. மற்றவர்கள் கண்ணை மூடியிருக்கும்போது நான் உன் மூலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நீ ஜெபிக்க வேண்டாம். கண்ணை மூட வேண்டாம். வந்து வாசி, அது போதும். வாசிக்க விசுவாசம் வேண்டியதில்லை, நாக்கு இருந்தால் ஆகும்.

அம்மா தன் முத்தங்களையும், பொடிக்கு நல்லெண்ணெய் தாராளமாக ஊற்றிக்கொள்ளும்படியும் சொல்லச் சொன்னார். அமீர் ஹம்சா அண்ணன் சலாம் சொன்னார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, அவருக்கு இந்தக் கடிதம் தெரியாது. போகும்போதும் வரும்போதும் ஆண்டவர் உன் பஸ்ஸுக்கு முன்னால் போவாராக.

இப்படிக்கு,
தூர தேசத்து அக்கா,
ஃபெமினா

பி.கு.: டப்பாவை மூடுவதற்கு முன் துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போனேன். தண்ணித்தொட்டிக்குப் பின்னால் அப்பாவும் அமீர் ஹம்சா அண்ணனும் பேசிக்கொண்டிருந்தார்கள். தொண்டை இன்னும் சரியாகலீங்களா என்று அவர் கேட்க, பூசணிக்காயை ஏலம் விட்ட அதே கணீர்க் குரலில் நம் அப்பா, "அது அந்த வெள்ளிக்கிழமையே சரியாயிடுச்சுங்க. பையன் வந்து படிக்கட்டும்னு இருக்கறேன். ஊட்டுல சொல்லிப்போடாதீங்க" என்றார். ஆகவே மேலே எழுதிய டாக்டர், தேன், மிளகு, என் பயம், அப்பா மனம் மாறவில்லை என்றது, உன்னை வரச்சொல்லி எழுதவில்லை என்றது, எல்லாம் ரத்து. சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறு. முதல் பெயரையே தப்பாக வாசி. அப்பாவுக்குக் குரல் வந்துவிடும்.