முளை அடிக்காத கூடாரம்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. முழங்கால் நீங்கலாக நான் நலம். உன் வீட்டில் எல்லோர் நலத்தையும் விசாரித்ததாகச் சொல். முதல் காரியமாக உன் மாடி அறையைப் பெருக்கி வை. உன் அக்கா அங்கே வந்துவிடுவாள் போலிருக்கிறது.

கட்டட மேற்பார்வையாளனாக இருந்து ஓய்வு பெற்றவன் சும்மா இருப்பானா? அலமாரி, கட்டில், சுவர்ப்படம் என்று எல்லாவற்றின் மேலும் ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அக்கா படுத்திருக்கும்போது தலையணைமேல் வைத்தது தப்புத்தான். "ஒரே ஒரு நாள் அது இல்லாம என்கூட வெளிய வாங்க. முடியலேன்னா நான் தம்பி வீட்டுக்குப் போறேன்" என்றாள். அதற்காகத்தான் உன் கூடாரத்தை இரவல் வாங்கிக்கொண்டு காட்டு ஏரிப் பூங்காவுக்குப் போனோம். நாய் வாலை நிமிர்த்த முடியுமா? ரசமட்டமும் என் துண்டுக்குள் ஒளிந்து வந்தது.

ஏரிக்கரையில் அவள் பார்க்காதபோது வைத்துப் பார்த்தேன். குமிழி அசையவே இல்லை, மச்சான். நான் கட்டிய எந்தக் கட்டடத்திலும் அப்படியொரு தரையைக் கண்டதில்லை. அங்கேயே கூடாரத்தை நிறுத்தினேன். "முளை அடிக்கலையா?" என்று கேட்டாள். "அடிச்சா தரை கெட்டுடும்" என்றேன். ஒரு பக்கம் அமுங்கிவிடுமே என்று பைகளைக்கூட உள்ளே வைக்கவிடவில்லை. ரசமட்டத்தை மட்டும் உள்ளே ஒளித்துவிட்டுக் காட்டுப்பாதையில் ஏறினோம். நான் முன்னே, என் மூச்சு வெகு பின்னே. மேலே நல்ல காற்று. கீழே ஏரி நடுவில் நீலமாக ஏதோ மிதந்தது. "படகெல்லாம் எவ்வளவு அழகா வச்சிருக்காங்க பாரு" என்றேன். உன் அக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "அது நம்ம கூடாரங்க" என்றாள்.

இறங்கி ஓடினேன். ஓட்டம் என்பது என் கணக்கு, பார்த்தவர்கள் உருண்டதாகச் சொல்கிறார்கள். படகுக்காரர் கொக்கி போட்டு இழுத்துவந்தபோது கூடாரம் கிழிந்திருந்தது. "உள்ள யாரும் இல்லையே?" என்று அவர் கேட்க, "என் ரசமட்டம்" என்று உளறிவிட்டேன். உன் அக்கா வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். வீடு வரும்வரை சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறாள் என்றே நினைத்தேன். அவள் இல்லாத வீட்டில் எல்லாம் நேராக இருந்துதான் என்ன பயன்?

அடுத்த வாரம் அவளை நானே கொண்டுவந்து விடுகிறேன். நாலு நல்ல வார்த்தை சொல்லித் திருப்பி அனுப்பு, உனக்குப் புண்ணியமாகப் போகும். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். நேராக நிற்கச் சொல்.

இப்படிக்கு,
கோணல் அத்தான்

பி.கு.: உறையில் போடுமுன் உன் அக்கா இதை வாங்கிப் படித்துவிட்டாள். வண்டியில் குலுங்கியது சிரிப்பாம், அடக்கமுடியாமல்தான் திரும்பிக்கொண்டாளாம். மாடி அறையைப் பெருக்க வேண்டாம். அடுத்த மாதமும் போகவேண்டும் என்று கூடாரத்தைத் தைத்துக்கொண்டிருக்கிறாள். ஆளை விட்டு ஏரிக்குள் ரசமட்டத்தைத் தேடலாமா என்று மெதுவாகக் கேட்டேன். "தண்ணி ஏற்கெனவே மட்டமாத்தானே இருக்கு, அது அங்கயே கிடக்கட்டும்" என்றாள்.