பேருக்கு ஒரு குடிகாரன்

“என்ன குடிச்சீரு?” என்று ஏட்டு சங்கரபாண்டி கேட்டதும் பூவனலிங்கம் திருதிருவென்று விழித்தார். இப்படி ஒரு கேள்வி வரும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

காரை ஓட்டியது நீர்தானா என்றால் ஆமாம் என்று சொல்ல வேண்டும். குடித்திருந்தீரா என்றால் அதற்கும் ஆமாம். இந்த இரண்டு ஆமாம்களைத்தான் முதலாளி வீட்டிலிருந்து போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே நடந்து வந்திருந்தார். என்ன குடித்தீர் என்ற கேள்விக்கு ஆமாம் என்று சொல்ல முடியாதே. காபியை விட்டால் கல்யாண வீட்டில் உடைத்துக் கொடுக்கும் கலர் சோடா ஒன்றுதான் அவர் வாழ்நாளில் ருசி பார்த்தது.

“கலரு” என்றார்.

“வெறுங்கலரா?”

“பெரிய பாட்டில்” என்றார் பூவனலிங்கம், கேஸ் நிற்காமல் போய்விடுமோ என்ற பயத்தில்.

ஏட்டு அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ‘கலர் கலந்த சாராயம்’ என்று எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போடும்போது பூவனலிங்கத்தின் கை வெடவெடவென்று ஆடியது. போதை இன்னும் முழுசாகத் தெளியவில்லை என்று ஏட்டு அதையும் சேர்த்து எழுதினார்.

பூவனலிங்கம், தங்கப்பாண்டியனுடைய தீப்பெட்டி ஆபீசில் கணக்கப்பிள்ளை. வேலைக்குச் சேர்ந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. தங்கப்பாண்டியனிடம் டிரைவர் யாரும் நிலைப்பதில்லை என்பதால் தன் அம்பாசடரைத் தானே ஓட்டிக்கொள்வார். முந்தின நாள் சாயங்காலம் அந்தக் கார் எட்டயபுரம் ரோட்டில் பருத்தி மூட்டை அடுக்கும் ஒரு கிட்டங்கிச் சுவரில் போய் முட்டி, சுவரைச் சாய்த்துவிட்டு நின்றது. நல்லவேளை, ஆட்களுக்கு ஒன்றும் இல்லை. போலீஸ் வந்து பார்த்தபோது முன்சீட்டில் ஒரு பாட்டிலும் பின்சீட்டில் முதலாளியும் இருந்தார்கள். டிரைவர் குடித்துவிட்டு முட்டிவிட்டான், இறங்கி ஓடியும் போய்விட்டான் என்று சொல்லியிருக்கிறார். டிரைவர் பெயரைக் கேட்டார்களாம்.

“ஒம்ம பேருதான்வே வாயில வந்துச்சு” என்றார் முதலாளி, மறுநாள் காலையில் பூவனலிங்கத்தைக் கூப்பிட்டு.

பூவனலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. ஆபீசில் எத்தனை பேர் இருக்கிறார்கள், பெற்ற பிள்ளைகள் இருக்கிறார்கள், மைத்துனமார் இருக்கிறார்கள். ஆபத்து நேரத்தில் முதலாளி வாயில் தன் பெயர் வந்திருக்கிறதே என்று நெஞ்சு விம்மியது. வியாபாரிகள் சங்கத் தேர்தல் நெருங்கும் நேரத்தில் தலைவர் ஆகப்போகிறவர் மேல் குடிகாரக் கேஸ் இருந்தால் நன்றாக இருக்குமா என்று முதலாளி கேட்டார். முதல் தடவை என்றால் அபராதத்தோடு போய்விடும், அதைத் தானே கட்டிவிடுவதாகவும் சொன்னார். பூவனலிங்கம் நின்றால் மட்டும் போதும்.

நிற்பதில் என்ன கஷ்டம் என்று பூவனலிங்கமும் தலையாட்டிவிட்டார்.

வீட்டில் மாரித்தாய் இதைக் கேட்டதும் அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்துவிட்டாள். “சைக்கிள்ல ஏறத் தெரியாத மனுசனுக்குக் காரு கேஸா?” என்றாள். அதைக் கேட்ட பிறகுதான் பூவனலிங்கத்துக்குப் பயம் வந்தது.

பயந்தபடியே மறுநாள் ஏட்டு ஆள் அனுப்பினார். லைசென்சைக் கொண்டுவந்து காட்ட வேண்டுமாம்.

பூவனலிங்கம் வக்கீல் பெருமாள்சாமி வீட்டுக்கு ஓடினார். முதலாளி அமர்த்திக் கொடுத்த வக்கீல் அவர். குடித்துவிட்டு ஓட்டுவது ஒரு குற்றம், லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவது இன்னொரு குற்றம், இரண்டும் சேர்ந்தால் நடுவர் ஒரு மாதிரிதான் பார்ப்பார் என்று வக்கீல் இழுத்தார். பிறகு அவரே ஒரு வழியும் சொன்னார். லைசென்ஸ் தொலைந்துபோய்விட்டது என்று சொல்லிவிடலாம், யார் போய்த் துருவிப் பார்க்கப் போகிறார்கள் என்றார்.

ஏட்டு துருவினார். தொலைந்த லைசென்சின் விவரம் கேட்டுத் திருநெல்வேலி ஆபீசுக்கு எழுதிப் போட்டுவிட்டார். பதில் வருகிற வரைக்கும் பூவனலிங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. தெருவில் தபால்காரர் மணி கேட்டாலே வாசலுக்கு ஓடினார். தபால் தனக்கு வராது, ஸ்டேஷனுக்குத்தான் வரும் என்று தெரிந்தும் ஓடினார்.

வந்த பதிலைக் கேட்டு அவருக்கே நம்ப முடியவில்லை. கோவில்பட்டி சு. பூவனலிங்கம் என்பவருக்குக் கார், லாரி இரண்டும் ஓட்ட லைசென்ஸ் உண்டு என்று எழுதியிருந்தார்கள்.

இந்த ஊரில் சாமி பெயர் பூவனநாதர். கோயில் மணி கேட்கிற தூரத்தில் பிறந்த பிள்ளைகளில் பாதிக்கு அந்தப் பெயர்தான். எந்தப் பூவனலிங்கமோ எடுத்த லைசென்ஸ் இவர் தலையைக் காப்பாற்றியது. செண்பகவல்லி கண்ணைத் திறந்துவிட்டாள் என்று முதலாளி சொன்னார். பூவனலிங்கம் அம்மனுக்கு ஒரு அர்ச்சனை செய்துவிட்டு வந்தார். அதற்கப்புறம் ரோட்டில் லாரி போனால் உரிமையோடு நின்று ஒரு பார்வை பார்த்தார்.

விசாரணை நாளில் அந்தத் தைரியம் கொஞ்சம் மிச்சமிருந்தது. டவாலி பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் கூண்டில் ஏறி, மனப்பாடம் செய்த இரண்டு ஆமாம்களையும் பிசிறில்லாமல் சொன்னார். நடுவர் அபராதம் எழுதப் பேனாவைத் திறந்தார். அப்போது அரசு வக்கீல் எழுந்தார்.

கோவில்பட்டி சு. பூவனலிங்கம் இதே குற்றத்துக்காக ஏற்கெனவே இரண்டு முறை தண்டிக்கப்பட்டவர் என்றார். அதுவும் இந்த மூன்று வருஷத்துக்குள்.

நடுவர் பேனாவை மூடினார். “மொத தடவை அபராதத்தோட விட்டிருக்காங்க. ரெண்டாவது தடவை அபராதத்தக் கூட்டி, லைசென்சையும் கொஞ்ச காலம் நிறுத்தி வச்சிருக்காங்க. அப்பவும் உமக்குப் புத்தி வரல. மூணாவது தடவைக்கு அபராதமெல்லாம் கெடையாது. ஜெயில்தான், லைசென்சும் ரத்து. தெரியுமா?”

பூவனலிங்கம் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “ஐயா, அது நான் இல்ல.”

“அப்ப இது?”

“இது நான்தான்யா. இதுக்கு மட்டும்தான்யா நான்.”

கோர்ட்டே சிரித்தது. நடுவர் சிரிக்கவில்லை. தகப்பனார் பெயர் என்ன என்று கேட்டார். சுடலைமாடன் என்றார் பூவனலிங்கம். காகிதத்தில் முதலெழுத்து மட்டும்தான் இருந்தது, அதுவும் சு. இன்னொரு பூவனலிங்கம் உண்டு என்றால் அடுத்த திங்கட்கிழமை அந்த ஆளைக் கொண்டுவந்து நிறுத்தும், இல்லாவிட்டால் இரண்டு வருஷம் வரைக்கும் ஜெயில் போடச் சட்டத்தில் இடமிருக்கிறது என்று சொல்லி வாய்தா கொடுத்தார்.

வெளியே வந்ததும் பூவனலிங்கம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். காரை நான் ஓட்டவே இல்லை என்று உண்மையைச் சொல்லிவிட்டால் என்ன என்று வக்கீலைக் கேட்டார். பெருமாள்சாமி அவர் வாயைப் பொத்தாத குறை. போலீசிடம் பொய் சொன்னது, கோர்ட்டில் பொய் சொன்னது, குற்றவாளியை மறைத்தது என்று அதற்குத் தனித்தனியாக மூன்று கேஸ் வரும் என்று பயமுறுத்தினார். ஒரு ஆமாம் சொன்னதற்கு ஒரு கேஸ் என்று கணக்கு வைத்தாலும் அது அதிகம்தான் என்று பூவனலிங்கத்துக்குத் தோன்றியது.

முதலாளியிடம் போனார். அந்த இன்னொருவனைத் தேடிப் பிடிக்க வேண்டும், ஆபீஸ் வேனைக் கொடுத்து உதவ வேண்டும் என்று கேட்டார். முதலாளிக்கு முகம் மாறியது.

“தேடவே வேண்டாம்வே. வம்ப எதுக்கு வெலைக்கு வாங்குதீரு? ஜெயில்ல மூணு வேளையும் சோறு. ஒம்ம குடும்பத்த நான் பாத்துக்கிடுதேன்.”

இதை அப்படியே மாரித்தாயிடம் வந்து சொன்னார். அவள் அலமாரியிலிருந்து அவர் சட்டையை எடுத்து முன்னால் போட்டாள்.

“அவிய குடும்பத்த அவிய பாத்துக்கிடட்டும். நீங்க போயி அந்த ஆளப் பிடிச்சுக் கொண்டாங்க. கெடைக்காம இந்தப் பக்கம் வராதீங்க.”

அந்த ஆள் விளாத்திகுளம் பக்கம் கரிமூட்டை லாரி ஓட்டுகிறான் என்று மட்டும் வக்கீல் குமாஸ்தா விசாரித்துச் சொன்னார். பூவனலிங்கம் பஸ் ஏறினார். விளாத்திகுளத்தில் ஒவ்வொரு கரி மண்டியாக ஏறி இறங்கி, குடிகார டிரைவர் பூவனலிங்கத்தைத் தெரியுமா என்று கேட்டார். அப்படி ஒரு ஆளை யாருக்கும் தெரியவில்லை. நாகலாபுரத்தில் ஒரு பூவனலிங்கம் இருக்கிறார் என்று அனுப்பினார்கள். அவர் பள்ளிக்கூட வாத்தியார். குடிகாரன் என்று சொல்லிக்கொண்டு வீடு தேடி வந்ததற்காக ஊர்க் கூட்டத்தையே கூட்டிவிட்டார். மழை பெய்து ஓய்ந்திருந்த நேரம். ரோட்டை விட்டுக் குறுக்கே ஓடியதில் கரிசல் மண் செருப்பை வாங்கிக்கொண்டது. திங்கட்கிழமையோ நெருங்கிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்து, ஜெயிலில் காபி கொடுப்பார்களா என்று யோசித்தபோது அவருக்கு அழுகை வந்துவிட்டது.

கடைசியில் மணியாச்சி ஜங்ஷன் கூட்ஸ் ஷெட் பக்கம், லாரியிலிருந்து கரிமூட்டை இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒருவர், நான்தான் பூவனலிங்கம் என்றார். மீசையும் சிவந்த கண்ணுமாக ஒரு ரவுடியை எதிர்பார்த்திருந்த கணக்கப்பிள்ளைக்கு ஏமாற்றமாகிவிட்டது. ஒடிசலான ஆள், நெற்றி நிறையத் திருநீறு. தகப்பனார் பெயரைக் கேட்டார். சுந்தரம் என்று பதில் வந்ததும் அவரை அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டார். சட்டை கரியானது தெரியவில்லை.

கோவில்பட்டிக் கோர்ட்டில் உங்கள் பெயரில் மூன்றாவது கேஸ் எழுதப் பார்க்கிறார்கள் என்று மட்டும் சொன்னார்.

“மூணாவதா?” டிரைவருக்கு முகம் வெளுத்தது. “லைசென்சே போயிருமே அண்ணாச்சி. எம்பிள்ளையளுக்குக் கஞ்சி ஊத்துறது அதுதானே. வாரேன்.”

திங்கட்கிழமை கோர்ட்டில் நல்ல கூட்டம். கணக்கப்பிள்ளை எதையாவது உளறிவிடக் கூடாது என்று முதலாளி தங்கப்பாண்டியனே வெள்ளைச் சட்டையும் சந்தனப் பொட்டுமாக வந்து, பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். டிரைவர் பூவனலிங்கம் உள்ளே வந்தபோது முதலாளி என்னவோ தேடுவது போலக் குனிந்துகொண்டதைக் கணக்கப்பிள்ளை கவனிக்கவில்லை. அவர் கண் நடுவர் மேலேயே இருந்தது.

முன்பு இரண்டு முறை தண்டனை வாங்கியது நீர்தானா என்று நடுவர் டிரைவரைக் கேட்டார். ஆமாங்கய்யா என்றார் டிரைவர். கணக்கப்பிள்ளைக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. இனி தனக்கு முதல் தடவைதான், அபராதத்தோடு போய்விடும், ராத்திரி மாரித்தாய் கையால் சாப்பிடலாம்.

நடுவருக்குக் கோபம் ஆறவில்லை. நெற்றியைப் பார்த்தால் பக்திமான் மாதிரி இருக்கிறீர், பிள்ளைகுட்டிக்காரர், இப்படிக் குடித்துவிட்டு ஊர் உயிரை வாங்கலாமா, உம்மைப் போன்றவர்களுக்காகத்தான் சட்டம் தடவைக்குத் தடவை தண்டனையைக் கூட்டி வைத்திருக்கிறது என்று ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தார். இன்னும் அந்தப் பழக்கம் இருக்கிறதா என்று கேட்டார்.

டிரைவர் கையைக் கட்டிக்கொண்டு பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு திரும்பிக் கூட்டத்தை ஒருமுறை பார்த்தார்.

“எனக்குக் குடிக்கிற பழக்கமே கெடையாதுய்யா; அந்த ரெண்டு தடவையும், அன்னா பின்னால குனிஞ்சு உக்காந்திருக்காவளே தங்கப்பாண்டி மொதலாளி, அவியளுக்குப் பதிலாத்தான்யா நான் ஆளு நின்னேன்.”